பூநாரைகளுக்கு முதுகு காட்டிய தவக்காலம்

பஸ் தாம்போதியின் நடுவில் நின்றுவிட்டது.

பழுதாகி நிற்கவில்லை, சாரதியே நிறுத்தினார். மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கிற அந்த வீதியின் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குக் கடல் கிடக்கும். அன்று காலை ஒரு பக்கத்துத் தண்ணீர் முழுவதும் பூநாரைகள். சனம் எல்லாம் எழும்பி அந்தப் பக்கத்து யன்னல்களுக்குப் போனதில் பஸ் லேசாகச் சாய்ந்தது.

“ஐயோ மாதாவே, ஒரு வருசமும் இப்பிடி வரேல்லையே!” என்றது ஒரு பெண்குரல்.

“தலையைக் கவிட்டுப் போட்டெல்லே தின்னுதுகள்,” என்றார் நடத்துநர். அவர் இறங்கிவிட்டார் என்பது குரல் வந்த திசையில் தெரிந்தது.

“செட்டையை விரிக்குது, செட்டையை விரிக்குது! உள்ளுக்கு நல்ல சிவப்பு!”

இதையெல்லாம் நான் காதால் கேட்டுத்தான் சொல்கிறேன். அந்த பஸ்ஸில் எழும்பாமல் இருந்த ஒரே ஆள் நான். கண் இரண்டையும் இறுக்கி மூடி, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, மடியில் கிடந்த சாப்பாட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன். மன்னாரில் பறவை பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவன் என்று பெயர் எடுத்தவனும் நான்தான். சம்பளம் தந்த தொழிலை இரண்டாவதாகத்தான் சொல்வார்கள்.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா என் தோளில் தட்டினார்.

“தம்பி, சுகமில்லையோ?”

“சுகம், அம்மா.”

“அப்ப என்ன, செபமோ?”

வேறு என்ன சொல்வது? “ஓம்,” என்றேன்.

“நல்ல பிள்ளை. எனக்கும் ஒண்டு சொல்லுங்கோ. முழங்கால் மடக்க ஏலாமல் கிடக்குது.”

அவருடைய முழங்காலுக்காக ஓர் ‘அருள்நிறைந்த மரியே’ சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை பஸ் நகரவில்லை. எனக்கு அழுகை வந்தது, பக்தியால் அல்ல.

குருவிக் கிளாக்கர்

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு நான் முருங்கனில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த கதை தெரியும். புதிதாக வாசிப்பவர்களுக்கு அதற்கு மேல் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வீடு தீவில், ஆழமில்லாத கடல்நீர் தேங்கிக் கிடக்கிற களப்பின் கரையில். வேலை பெருநிலத்தில். காலையும் மாலையும் தாம்போதியால் பஸ்ஸில் போய்வர வேண்டும். பாணுக்கும் வரிசை, சீனிக்கும் வரிசை என்று நாடு நின்றுகொண்டிருந்த காலம் அது.

பறவைப் பைத்தியம் எனக்கு இரவல் பைத்தியம்தான். எங்கள் கந்தோருக்கு வந்துபோன நில அளவையாளர் ஒருவர் இடமாற்றம் வந்தபோது தன் பழைய பைனாக்குலரை எனக்குத் தந்துவிட்டுப் போனார். வலது கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஆகவே இடது கண்ணால் மட்டும் பார்ப்பேன். என் பறவை அறிவு முழுவதும் ஒற்றைக்கண் அறிவு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பெயர்களும் தெரியாது. கையில் புத்தகம் இல்லை. நானே வைத்துக்கொண்டேன். சேற்றைக் குனிந்து பார்த்தபடி, ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கிற நீளக்கால்காரருக்குப் ‘பெரிய கிளாக்கர்’ என்று பெயர். எங்கள் தலைமை எழுதுவினைஞர் கோப்பு தேடுகிற நடை அது. அலை வர ஓடி, அலை போகத் திரும்பி ஓடிவருகிற குட்டிக்கு ‘மருமகன்’. ஏன் என்று கேட்காதீர்கள், என் மாமனார் வீட்டில் நான் அப்படித்தான் இருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்தால் சைக்கிளை எடுத்துவிடுவேன். வங்காலைப் பக்கத்துச் சேற்றில் வயிறு படக் கிடந்துவிட்டு, பொழுதுபடும் நேரத்தில் வெயிலில் கறுத்து, நுளம்பு கடித்து, பெருமிதத்தோடு வீடு திரும்புவேன்.

ஒருமுறை அங்கே ஒரு பெரிய வெள்ளை நாரையைக் கண்டேன். பின்னேரம் முழுக்க அது அசையவில்லை. நானும் அசையவில்லை. மறுநாள் கந்தோரில் அதன் பொறுமையைப் பற்றி நீளமாகப் பேசினேன். மனிதன் படிக்க வேண்டிய பாடம் என்று முடித்தேன் என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறும் அது அதே இடத்தில் நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால், வலை பாய்ச்சின இடம் தெரிவதற்காக யாரோ தடியில் மாட்டிவிட்ட உரப்பை.

இதை நான் யாருக்கும் சொல்லியிருக்கக் கூடாது. சிவஞானம் அண்ணைக்குச் சொல்லிவிட்டேன். அவர் என்னோடு வேலை செய்தவர், உயிலங்குளத்துக்காரர், கந்தோர் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வயல்காரர். அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் பஸ்ஸில் ஏறியவுடன் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

“என்ன கிளாக்கர், நேற்று உரப்பை பறந்ததோ?”

அவைக்குக் கல்யாணம், எங்களுக்கு உபவாசம்

எங்கள் ஊரில் பனிக்காலம், வசந்தகாலம் என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. மாரி மழை முடியும். வாடைக்காற்று களைத்துப்போகும். தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் தொடங்குவதற்கு இன்னும் நாள் இருக்கும். இடையில் காற்றே இல்லாமல் ஒரு வெக்கை வந்து உட்காரும். களப்புத் தண்ணீர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பின்வாங்க, விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். காலையில் கதவைத் திறந்தால் அழுகின பாசியும் உப்பும் கலந்த ஒரு மணம் வீட்டுக்குள் வரும். தெரேசா மூக்கைப் பொத்துவாள். நான் ஆழமாக இழுப்பேன்.

அந்த நாட்களில்தான் வடக்கேயிருந்து வந்த பறவைகள் திரும்பிப் போக ஆயத்தம் செய்யும். மாரி முழுக்கச் சாம்பல் சட்டையோடு திரிந்த ‘பெரிய கிளாக்கர்’ செங்கல் நிறத்துக்கு மாறுவார். ‘மருமகன்’ நெஞ்சில் சிவப்பு ஏறும். ஆலாக்களுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி வரும். எல்லாம் ஓயாமல் தின்று கொழுக்கும். கூட்டம் கூட்டமாக எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் இறங்கும். போகலாமா, இன்னும் பொறுப்போமா என்று கதைத்து முடிவெடுக்காத கலியாண வீட்டுக்காரர் போல.

கத்தோலிக்கருக்கு அதே நாட்கள் தவக்காலம். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசுவதிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை உபவாசம், ஒறுத்தல், வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை. கோயிலில் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். கண்ணுக்கு அழகான எதுவும் தெரியக்கூடாத காலம். களப்பை மூட ஊதாத் துணி போதாது என்பதால் அதை விட்டுவைத்திருந்தார்கள்.

எதை விடுவது?

தவக்காலத்தில் ஒவ்வொருவரும் தனக்கு விருப்பமான ஒன்றை விட வேண்டும். நான் வருடாவருடம் பாகற்காயை விட்டேன்.

அந்த வருடம் விபூதிப் புதன் பூசை முடிந்து நான் தனியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். தெரேசா வரவில்லை. அவள் வயிற்றில் எங்கள் மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்த முறை நடமாட்டத்தைக் குறைத்துப் படுத்திருக்கச் சொல்லி டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த ஐந்தாம் மாதம் இந்தத் தவக்காலத்துக்குள்தான் வரவிருந்தது. அதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் பின்னால், களப்பைப் பார்த்தபடி பூவரசு நிழலில் சாய்மனைக் கதிரை போட்டு அவள் படுத்திருந்தாள்.

“இந்த முறை எதை விடப் போறீங்கள்?”

“பாகற்காய்.”

“அதைத்தானே போன வருசமும் விட்டனீங்கள்.”

“அப்ப மாட்டிறைச்சி.”

“மாட்டிறைச்சி இந்த வீட்டுக்கு எப்ப வந்தது? விடுறதெண்டால் நோக வேணும், அப்பா. நோகாட்டில் அது விடுறது இல்லை.”

தெரேசா கோயிலில் சிறுபிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவள். இந்த விஷயங்களில் அவளோடு வாதாடி நான் ஒருநாளும் வென்றதில்லை. அவள் பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் கை வயிற்றின் மேல் இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ, வாயிலிருந்து விழுந்துவிட்டது.

“குருவி பார்க்கிறதை விடுறன்.”

முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

“மாதாவுக்கு முன்னால சொல்லுங்கோ.”

அலுமாரியின் மேல் மாதா சுரூபம் இருந்தது. அதற்கு முன்னால் முழங்காலில் நின்று, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒரு தண்ணீர்ப் பறவையையும் பார்க்கமாட்டேன், இந்தப் பிள்ளையைத் தாரும் என்று கேட்டேன். சத்தமில்லாமல் கேட்டதாக நினைத்தேன். திரும்பினால் தெரேசா எழும்பி வந்து கதவு நிலையைப் பிடித்தபடி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பைனாக்குலரை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

கண்ணுக்கு விரதம்

மறுநாள் காலையிலேயே சட்டச்சிக்கல் வந்துவிட்டது.

“கோழியைப் பார்க்கலாமோ?” என்று கேட்டேன்.

“கோழி தண்ணிப் பறவையோ?”

“காகம்?”

“காகத்தை நீங்கள் எப்பவாவது ஏறெடுத்துப் பார்த்தனீங்களோ?”

கண்ணை மூடினால் போதும், காதைப் பொத்தத் தேவையில்லை என்றும் தீர்ப்பு வந்தது. அவ்வளவுதான் சலுகை.

நோன்பு இருப்பது என்றால் வயிற்றைக் கட்டுவது என்று நினைத்திருந்தேன். கண்ணைக் கட்டுவது அதைவிடக் கஷ்டம். களப்புக் கரையில் வீடு, கடலுக்குள்ளால் பஸ், குளத்தடியில் கந்தோர். மழையும் இல்லை, ஏழு மணிக்கு வெயிலும் இல்லை, நான் குடையை மூக்குவரை இறக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பேன். எதிரே வந்த மாட்டோடு ஒருநாள் மோதினேன். மாடு விலகிக்கொண்டது.

தாம்போதியில் கண்ணை மூடியபடி பயணம் செய்ததில், நான் பெரிய செபக்காரன் என்று பஸ்ஸுக்குள் பெயர் பரவிவிட்டது. முழங்கால் அம்மா இன்னும் சிலரையும் கூட்டிவந்தார். ஒருவருக்கு மகளின் சம்பந்தம், இன்னொருவருக்கு இழுப்பு வருத்தம். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல நினைத்த போதெல்லாம், நாரை பார்க்காமல் இருப்பதற்காகக் கண்ணை மூடியிருக்கிறேன் என்று சொல்வது எனக்கே மூளை பிசகியவன் பேச்சாகத் தெரிந்தது. பேசாமல் எல்லாருக்கும் செபம் சொன்னேன்.

உயிலங்குளத்தில் ஏறுகிற சிவஞானம் அண்ணைக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். கேலி செய்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் முகம் இறுகிப்போனது.

“பிள்ளைக்கு வைச்ச நேர்த்தியோ?”

“ஓம் அண்ணை.”

“அப்ப விளையாட்டில்லை. நாங்களும் விரதம் பிடிக்கிறனாங்கள்தான். கண்ணுக்கு விரதம் இப்பத்தான் கேள்விப்படுறன். நீர் கண்ணை மூடும். நான் சொல்லேக்க திறவும்.”

அன்றிலிருந்து அவர் என் காவல்காரர். அறுவடை முடிந்த வயல்களில் கொக்கும் நாரையும் இறங்கியிருக்கும். “மூடும்... மூடும்... இன்னும் மூடும். இப்ப திறவும், வெறும் கதிர் அறுத்த ஒட்டுத்தான்.” சில நாட்களில் உயிலங்குளத்திலிருந்து முருங்கன் வரை திறக்கவே விடமாட்டார். மாதாவைவிட அவர் கண்டிப்பு.

“அண்ணை, ஒரு பறவையும் இல்லாத இடமே இல்லையோ?”

“இருக்கலாம். உரப்பையோ நாரையோ எண்டு எனக்கும் இப்ப சந்தேகமாக் கிடக்கு. எதுக்கும் மூடியே இரும்.”

யன்னலில் வந்து நின்றது

இப்படி இருக்கும்போது ஒருநாள் கந்தோர் யன்னல் விளிம்பில் ஒரு கொக்கு வந்து நின்றது.

குளத்தடியிலிருந்து வந்திருக்க வேண்டும். கோப்பில் கையெழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன், அவ்வளவுதான். கழுத்தை நீட்டி என் மேசையைப் பார்த்தது. நானும் பார்த்தேன். மஞ்சள் கண். பார்த்த பிறகுதான் பார்த்தேன் என்பது தெரிந்தது.

இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்போது பாய்ந்து எழும்பி யன்னலைச் சாத்தினேன். கடவுள் அப்படிக் கணக்குப் பார்க்கிறவர் இல்லை என்று புத்தி சொன்னது. புத்தி சொல்வதை யார் கேட்டார்கள்? ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தால் பூவரசின் கீழே கதிரை வெறுமையாகக் கிடந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து லூசியா அக்கா எட்டிப் பார்த்தார்.

“தெரேசா ஆசுப்பத்திரிக்கு எல்லே போட்டுது, தம்பி. கார் பிடிச்சு நான்தான் ஏத்திவிட்டனான்.”

மேலே என்ன சொன்னார் என்று கேட்க நான் அங்கே நிற்கவில்லை. சைக்கிளை எடுத்தேனா, ஓடினேனா என்பதுகூட இன்றைக்கு நினைவில்லை. ஆசுப்பத்திரி வாசலில் செருப்பு ஒன்று குறைந்திருந்தது மட்டும் தெரியும். கொக்கின் மஞ்சள் கண்தான் முன்னால் வந்துகொண்டிருந்தது. கர்ப்பிணிகளின் அறைக்குள் கேட்காமல் கொள்ளாமல் புகுந்தேன்.

தெரேசா மர வாங்கில் உட்கார்ந்து வெள்ளரிப்பழம் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மருத்துவிச்சி அம்மா.

“பிள்ளை?” என்றேன்.

“பிள்ளை நல்ல சுகம்,” என்றார் மருத்துவிச்சி அம்மா. “உங்களைத்தான் பார்க்கச் சுகமில்லாத மாதிரிக் கிடக்கு. இருங்கோ, பிரஷர் பார்ப்பம்.”

“இண்டைக்குக் கிளினிக் எண்டு காலமை சொன்னனானே, அப்பா,” என்றாள் தெரேசா. “நீங்கள் குடையைத் தேடிக்கொண்டு நிண்டனீங்கள்.”

கொக்கைப் பார்த்ததைச் சொன்னேன். மருத்துவிச்சி அம்மா என்னையும் தெரேசாவையும் மாறிமாறிப் பார்த்தார். தெரேசா சிரிக்கவில்லை. வெள்ளரிப்பழத்தில் பாதியை என் கையில் வைத்தாள்.

“அது தானா வந்து நிண்டது. நீங்கள் பார்க்கப் போகேல்லை. கணக்கில்லை,” என்றாள்.

பின்னேரங்கள்

கிழமை நாட்களில் நோன்பு கஷ்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதனை. பூசை முடிந்து வந்தால் கால் தானாகச் சைக்கிளைத் தேடும். போக இடம் இல்லை. நீண்ட பகல் முழுவதும் வீட்டில்.

சமையலைக் கையில் எடுத்தேன். கதிரையில் படுத்தபடி தெரேசா கட்டளை போட, நான் திருக்கை வறை செய்தேன். அது வறையும் ஆகவில்லை, குழம்பும் ஆகவில்லை. தவக்காலம்தானே என்று சொல்லிச் சாப்பிட்டாள். தலை பின்னிவிட்டேன். பின்னலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பிய்ந்த வலையைப் பொத்தித் தைத்தமாதிரி இருக்கிறது என்றாள்.

பின்னேரங்களில் அவளுக்கு எதிரே ஒரு சின்னக் கதிரையைப் போட்டு உட்காருவேன். களப்புக்கு முதுகு, அவளுக்கு முகம். அவள் என் தோளுக்கு மேலால் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள்.

“உங்கட பெரிய கிளாக்கர் வந்திருக்கிறார். சட்டை மாத்திப் போட்டார், செங்கல் நிறம். வயிறும் வைச்சிட்டுது.”

“எத்தினை பேர்?”

“கந்தோர் முழுக்க நிக்குது.”

இவ்வளவு காலமும் நான் பறவைக் கதை தொடங்கினால் கொட்டாவி விட்டவள். ஒரு பெயரையும் மறக்காமல் வைத்திருந்தாள். பூநாரைகள் மேலால் பறந்து போனபோது, “கழுத்து முன்னால, கால் பின்னால, எது தலை எண்டு தெரியேல்லை. நடுவில மட்டும் நெருப்பு,” என்றாள். நான் நிலத்தில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்டேன். பொறாமையாக இருந்தது. சொல்லட்டும், இன்னும் சொல்லட்டும் என்றும் இருந்தது.

ஒரு ஞாயிறு இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“என்ன?”

“பொறுங்கோ.”

முகம் வெளிறியிருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். ஒன்றும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து யாரோ விரலால் மெல்லச் சுண்டினமாதிரி இருந்தது.

“அசைஞ்சது,” என்றாள். “பிள்ளை அசைஞ்சது, அப்பா.”

அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் களப்பில் நின்ற கூட்டம் முழுவதும் எழும்பியது. ஆயிரம் சேலையை ஒரே நேரத்தில் உதறின சத்தம். நான் திரும்பவில்லை. நேர்த்திக்காக இல்லை, நேர்த்தி நினைவிலேயே இல்லை.

உயிர்த்த ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு காலையில் தெரேசா சேலைத் தலைப்பை அவிழ்த்துத் திறப்பைத் தந்தாள். ஐந்தாம் மாதம் தாண்டியிருந்தது. பிள்ளை உதைத்துக்கொண்டிருந்தது. பைனாக்குலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெருநாளுக்கு வாங்கின புதுச் சட்டையோடு தாம்போதிக்குச் சைக்கிள் மிதித்தேன். கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருந்தேன்.

ஒன்றும் இல்லை.

பூநாரை இல்லை. கிளாக்கர் இல்லை, மருமகன் இல்லை. தண்ணீர் வற்றி, வெடித்த சேறும் அதன் மேல் உப்பும். ஒரு நாய் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் நடந்து போனது. அதையும் பைனாக்குலரால் பார்த்தேன், விட்டதை ஈடுகட்ட வேண்டுமே.

அடுத்த பூசைக்குப் பெருநிலத்துக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் பங்குச் சுவாமி மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“என்ன தேடுறீர்?”

கதை முழுவதையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். மற்றவர்கள் பாகற்காயை விடுகிறார்கள், நான் பூநாரையை விட்டேன் என்ற பெருமை. சுவாமி தலையாட்டிக் கேட்டார்.

“நல்லது. ஞாயிற்றுக்கிழமையில பார்த்திருப்பீர்தானே?”

“இல்லை, சுவாமி. ஒரு ஞாயிறும் பார்க்கேல்லை.”

“ஏன்?”

“தவக்காலம் எல்லே?”

“ஞாயிறு தவக்காலத்துக்குள்ள வரும், நோன்புக் கணக்கில வராது. அது ஆண்டவர் உயிர்த்த நாள். ஒறுத்தல் இல்லை. ஞாயிறுகளைக் கழிச்சால்தான் நாற்பது நாளும் சரிவரும், எண்ணிப் பாரும்.” பிறகு சிரிக்கத் தொடங்கிவிட்டார். “உம்மட மனுசியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாவே. பிள்ளையளுக்கு இதைப் படிப்பிக்கிறதே அவதானே!”

மோட்டார் சைக்கிள் போன பிறகும் அந்தச் சிரிப்பு காற்றில் கேட்டது.

சாய்மனைக் கதிரை

வீடு வரும்வரை சைக்கிளில் ஒரு பிரசங்கம் தயாரித்தேன். நல்ல பிரசங்கம். நம்பிக்கை என்ற சொல் அதில் பல இடத்தில் வந்தது.

தெரேசா பூவரசின் கீழே இருந்தாள்.

“இருந்ததோ?”

“எல்லாம் போட்டுது.”

“ஐயோ,” என்றாள். உண்மையாகவே கவலைப்பட்டாள்.

“ஞாயிற்றுக்கிழமை நோன்பில சேராதாமே?”

அவள் வெறும் சேலைத் தலைப்பை முடிந்து அவிழ்த்தாள்.

“சேராது,” என்றாள் பிறகு.

“உமக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“எப்ப தொட்டு?”

“விபூதிப் புதன் தொட்டு.”

பிரசங்கத்தின் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் களப்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“கிழமை நாளில பரவாயில்லை, லூசியா அக்கா வருவா, ஆரும் வருவினம். ஞாயிறு பின்னேரம் ஒரு சத்தமும் இராது. தனியப் படுத்திருந்தால், பிள்ளை இருக்குதோ, இருக்குதோ எண்டு உள்ளுக்கே கேட்டுக்கொண்டு இருப்பன். போன இரண்டு முறையும் அப்பிடித்தான் கேட்டுக்கொண்டு இருந்தனான். ஒரு நாள் கேக்காமல் போட்டுது.”

“நில்லுங்கோ எண்டு சொல்லியிருந்தால் நிண்டிருப்பனே?”

“நிண்டிருப்பீங்கள். வாசலைப் பார்த்துக்கொண்டு நிண்டிருப்பீங்கள்.”

சைக்கிளைச் சாத்திவிட்டு வழக்கமான சின்னக் கதிரையில் வந்து உட்கார்ந்தேன்.

“இனிப் பார்க்கலாம்தானே, அப்பா. களப்புப் பக்கம் திரும்பி இருங்கோ,” என்றாள்.

“இப்பிடியே வசதியாக் கிடக்கு,” என்றேன்.

சோளகம் நன்றாக வீசத் தொடங்கிய பிறகு எங்கள் மகள் பிறந்தாள். சிவத்துப்போய், காலெல்லாம் நீளமாக, தலைகீழாகப் பிடித்தபோது கத்தினாள். சிவஞானம் அண்ணை தன் வயல் நெல்லைக் குற்றி அரிசி கொண்டுவந்தார். அதை ஓர் உரப்பையில் கட்டியிருந்தார்.

“கிளாக்கர், அரிசி. நாரை எண்டு நினைச்சுப் போடாதையும்,” என்று சொல்லி இறக்கினார். பிறகு பிள்ளையைப் பார்த்துக் கண்கலங்கினார்.

அடுத்த வருடமும் விபூதிப் புதன் வந்தது. வாடை ஓய்ந்து, களப்பில் உப்புப் பூத்து, பூநாரைகளும் வந்துவிட்டதாகத் தாம்போதியில் பேச்சு. நெற்றியில் சாம்பலோடு மூன்று பேரும் பூவரசின் கீழே இருந்தோம். பிள்ளை என் மடியில் இருந்து பைனாக்குலர் வாரைச் சப்பிக்கொண்டிருந்தது.

“இந்த முறை எதை விடுறீங்கள்?”

“குருவியை.”

“ஞாயிறு சேராது, தெரியுந்தானே?”

“தெரியும்,” என்றேன். “ஞாயிறும் சேர்த்துத்தான் விடுறன்.”

தெரேசா பிள்ளையின் வாயிலிருந்து வாரை எடுத்துவிட்டாள்.

“அப்ப கதிரையைத் திருப்பிப் போடுங்கோ,” என்றாள். “நான் பார்த்துச் சொல்லுறன்.”